ராயபுரத்தில் ஏழாவது படம்

பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி, "இது வெளிநாட்டுப் பயணமா, ஊருக்குப் போறதா?" என்று கேட்டாள். கிண்டல்தான், ஆனால் நியாயமான கேள்வி. எங்கள் குடும்பம் கப்பலேறி மூன்று தலைமுறை ஆகிறது. சென்னை எனக்குத் திரையில் பார்த்த ஊர். அதிலும் வடசென்னை என்றால் அரிவாளோடு துரத்துகிறவர்களின் ஊர். அந்தப் படங்களை எடுத்தவர்கள் ராயபுரத்தில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

விமான வரலாற்றுக்கான ஒரு சிறிய காட்சியகத்தில் எனக்கு வேலை. பழைய வரைபடங்களை வெளிச்சத்திடமிருந்தும் பூச்சியிடமிருந்தும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரிடமிருந்தும் காப்பாற்றுவது என் பிழைப்பு. பினாங்கில் குடியேறி அங்கேயே கண்மூடிய ஓர் ஆங்கிலேயப் பொறியாளரின் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு சுருள் வந்தது. பிரித்தால் ஆறு வரைபடங்கள். தாளில் அல்ல, டிரேசிங் துணியில். மெல்லிய லினன் துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி ஏற்றி, மெருகு போட்டு, பின்னால் இருப்பது தெரியும்படி ஆக்கி, அதன்மேல் மையால் வரைவது அந்தக் கால வழக்கம். தலைமுறைகள் தாண்டி நிற்கும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், அந்த இடத்தில் வெறும் துணி எட்டிப் பார்க்கும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு யாரோ எண்ணூர்க் கழிமுகத்தில் கடல் விமானங்களுக்கு ஒரு துறைமுகம் கட்டக் கனவு கண்டிருக்கிறார்கள். அந்தக் கனவின் படங்கள் அவை. படகு வயிறு கொண்ட பெரிய விமானங்கள் தண்ணீரில் வரிசையாக மிதக்கின்றன. படித்துறையில் பயணிகள் இறங்குகிறார்கள், சுமைகூலிகள் பெட்டி தூக்குகிறார்கள். ஆறாவது படத்தில் விமானத்துக்கு முன்னால் சுழலும் விசிறிகளே இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் நுழைகிறது. அடுத்த படத்தில் அது எங்கே போகிறது என்று பார்க்க மனம் அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றின் மூலையிலும் ஏழில் எத்தனையாவது என்று எண் இருந்தது. ஏழாவது மட்டும் இல்லை. கீழே பொறியாளரின் கையெழுத்து. எனவே வரைந்தவரும் அவர்தான் என்று கண்காட்சிக்கு விளக்க அட்டை எழுதி முடித்துவிட்டோம். எதுவும் கட்டப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விளம்பரத்துக்காக ஒரு படத்தை இணையத்தில் போட்டோம். ஷீபா என்ற பெண் ராயபுரத்திலிருந்து எழுதினாள். "இது என் கணவரின் தாத்தா அருளப்பன் வரைந்தது. ஏழாவதும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவருடைய மகள் ரெஜினா அத்தை உங்களை நேரில் வரச் சொல்கிறார்." எங்கள் இயக்குநர் அம்மையார் செலவை நினைத்து முகம் சுளித்தார், பிறகு போய்வா என்றார்.

வியாழக்கிழமை காலையில் ஆட்டோக்காரர் என் தோளில் தொங்கிய நீளக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு படங்களின் நகல்களை முழு அளவில் அச்சிட்டு அதில் சுருட்டி வைத்திருந்தேன்.

"இன்னா சார் அது, தூண்டிலா?"

"படம்ங்க. ஏரோப்ளேன் படம்."

"ஏரோப்ளேன்லயே வந்துட்டு படத்த வேற தூக்கினு வர்றியே சார்!"

கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம். பினாங்கிலும் துறைமுகம் உண்டு, லாரிகளும் உண்டு. ஆனால் அங்கே லாரி தன் பாதையில் போகும், நாங்கள் எங்கள் பாதையில் போவோம். இங்கே லாரிக்கும் பள்ளி வேனுக்கும் மீன் கூடைக்காரிக்கும் எனக்கும் ஒரே பாதை. கடைசியில் அவர், "கோயிலாண்டதானே?" என்று கேட்டு ஒரு மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது வேறு கோயில். ராயபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்று விலாசம் சொல்வது, எங்கள் ஊரில் காப்பிக் கடைக்குப் பக்கத்து வீடு என்று சொல்வது மாதிரி. விசாரித்து விசாரித்து, சட்டை நனைந்து, வீட்டைக் கண்டுபிடித்தேன்.

ரெஜினா ஆன்ட்டிக்கு எழுபதைத் தாண்டி நிறைய வருடங்கள் ஆகியிருக்கும். துறைமுகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இறந்துபோன தம்பியின் மகன் ஸ்டீபனோடும் அவன் மனைவி ஷீபாவோடும் இருக்கிறார். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம். வீடு முழுக்க அந்த ஏற்பாடுதான்.

"வந்துட்டியா நைனா? குந்து. மொதல்ல துண்ணு, அப்பால பேசிக்கலாம்."

சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊர் மீன் கறியில் தேங்காய்ப் பால் எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடும். இங்கே புளியும் மிளகாயும் சமாதானத்துக்கே வருவதில்லை. கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டேன். ஆன்ட்டி திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நகல்களைத் தரையில் விரித்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. முதலில் கீழ் மூலையைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றாக ஆறு மூலைகளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாத்துலயும் தொர கையெழுத்து."

"ஆமா ஆன்ட்டி."

"எங்கப்பா பேரு உங்க போர்டுல வருமா?"

ஆதாரம் வேண்டும் என்றேன். ஏழாவது படத்தில் அவர் பெயர் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் திங்கட்கிழமை எல்லாம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் பார்க்க வேண்டும். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். போர்க்காலத்தில் புழல் ஏரியில் கடல் விமானங்கள் இறங்குமாம். அங்கே வரைபடங்களைப் படியெடுக்கும் ஆளாகச் சேர்ந்தவர் அருளப்பன். தண்ணீரிலிருந்து விமானம் எழும்புவதை முதல்முதலாகப் பார்த்த நாளில் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றதற்குத் திட்டு வாங்கினாராம். பிறகு அந்தப் பொறியாளரின் வரைவறைக்கு வந்திருக்கிறார்.

"ஏழாவது படத்தைக் காட்டுறீங்களா?"

"அத்த அப்பால பாக்கலாம். நாளிக்கு உன்ன எண்ணூருக்கு இட்டுக்கினு போறேன்."

ஷீபா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எதையோ உதைத்தார், ஏறினார், மறுபடி இறங்கினார். "பேஜாரு புடிச்ச வண்டி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஆன்ட்டி குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய பாறைகள், மறுபக்கம் லாரிகள். நடுவில் அவர் அலட்டிக்கொள்ளாமல் நடந்தார். நான் பின்னால் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது.

நெட்டுக்குப்பத்தில் கழிமுகம் கடலைத் தொடும் இடத்தில் நின்றோம். படங்களை வரைந்தவர் நின்ற இடமும் ஏறக்குறைய அதுதான். மணல் திட்டின் வளைவு மாறிவிட்டது, ஆனால் அடையாளம் தெரிகிறது. விமானங்கள் மிதக்க வேண்டிய தண்ணீரில் நாலைந்து படகுகள் கட்டிக் கிடந்தன. பயணிகள் கூடம் இருக்க வேண்டிய திசையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நடக்காமல் போன கனவுகளின் படங்களோடுதான் எனக்குத் தினமும் வேலை. அவை நடக்காமல் போன இடத்தில் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

ஒரு பெண் நிழலில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நகலை விரித்ததும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாது, இங்க ஏர்போர்ட்டு வரப் போவுதா?"

"இல்லம்மா. அந்தக் காலத்துல கட்ட நினைச்சது."

"அதுல எங்க வூடுங்க கீதா பாரு சார்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். இருந்தன. பயணிகள் கூடத்துக்கு இடப்பக்கம் குடிசைகள், இழுத்து ஏற்றிய கட்டுமரங்கள், காயும் வலைகள். இத்தனை நாள் அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மற்றப் படங்களையும் எடுத்தேன். ஆறிலும் குப்பம் இருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு கோணத்திலிருந்து, அதே எண்ணிக்கையில், அதே வரிசையில். துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் வரைந்த எத்தனையோ கனவுப் படங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் முதலில் காணாமல் போவது அங்கே குடியிருந்தவர்கள்தான். அந்த இடத்தில் புல்வெளி இருக்கும், அல்லது வெறும் வெள்ளையாக விட்டிருப்பார்கள்.

"வுட்டு வெச்சிகிறாரே. யாரு சார் வரைஞ்சது? நல்ல மனுசனா கீறாரு."

ஆன்ட்டி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இந்தக் கரையை அறிந்த ஆளுக்குத்தான் குடிசைக் கணக்கு தெரியும்; யார் வரைந்தது என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிவது வேறு, எங்கள் காட்சியகம் ஒப்புக்கொள்வது வேறு.

திரும்பும்போது விம்கோ நகரில் மெட்ரோ ஏறினோம். அந்தப் பகுதியில் ரயில் தூண்களின் மேல் போகிறது. ஆன்ட்டி அதில் ஏறுவது முதல் தடவையாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் பிறந்து வளர்ந்த ஊரை மேலிருந்து பார்த்தார். தொழிற்சாலைக் கூரைகள், கோபுரம், தூரத்தில் ஒரு கோடு போலக் கடல். திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் பேசினார்.

"நைனா, ஏழாவது படத்த எங்கம்மா தண்ணில போட்டு வேவ வெச்சிடுச்சு."

எனக்குப் புரிய வைத்தார். வரைவறையில் கோடு தப்பிப்போன துணிகளை ஆட்கள் வீட்டுக்கு எடுத்து வருவார்கள். சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் கஞ்சியும் மையும் போய், பூப்போன்ற வெள்ளைத் துணி கிடைக்கும். துணிக்கு ரேஷன் இருந்த காலம். வரைவறையில் வேலை செய்தவர்கள் வீட்டுக் கைக்குட்டையும் கைக்குழந்தைச் சட்டையும் அப்படி வந்தவைதான்.

"அந்த ஏழாவத எங்கப்பா வூட்ல குந்திக்கினு முடிச்சாரு. கடல்லேந்து கெளம்பி வானத்த தாண்டிப் போற கப்பலு. வரிசையா ரவுண்டு ரவுண்டா ஜன்னலு. 'இது முழுக்க உன் கற்பனை, இதுல உன் பேரயே போடு'ன்னு தொர சொன்னாராம். போட்டு, சுருட்டி மூலைல வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எப்பவும் கொண்டாற கெட்டுப்போன துணின்னு நெனச்சிடுச்சு."

"உடனே எடுத்து ஏன் ஊறப் போட்டாங்க?"

"எனக்குதான். நான் அப்போதான் பொறந்துகிறேன். ஞானஸ்தானத்துக்கு கவுன் தெக்கத் துணி இல்ல."

ரயில் சரிந்து இறங்கத் தொடங்கியது. நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார்.

"ஒரு வார்த்த திட்டல. கொடில கெடந்த ஈரத் துணிய தொட்டுப் பாத்துட்டு, 'கொழந்தைக்கு மெத்துனு இருக்கும்'னாராம். தொர ஆறு படத்தோட உங்க ஊருக்குக் கெளம்பிட்டாரு. இவரு ஏழாவத திருப்பி வரையவே இல்ல. நெலாவுல ஆளு எறங்கினாங்களே, அன்னிக்கு பொட்டிய தொறந்து அந்த கவுன எடுத்து மடில வெச்சிக்கினுதான் ரேடியோ கேட்டாரு. நான் எதிர்க்க குந்தியிருந்தேன். சிரிச்சிக்கினே இருந்தாரு. என்னாலதான் போச்சுன்னு எனக்கு அன்னிக்குதான் ஒறச்சுது."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து கண்ணாடியில் எங்கள் முகங்கள் தெரிந்தன. எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"இதை முதல்லயே எழுதியிருக்கலாமே ஆன்ட்டி?"

"எழுதியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். கோபம் இறங்கிவிட்டது, சங்கடம்தான் மிச்சம்.

சனிக்கிழமை காலை வடகறியும் இட்லியும் ஆனபின் ஆன்ட்டி பெட்டியைத் திறந்தார். வெள்ளைத் துண்டுக்குள் ஒரு சின்ன கவுன். கழுத்தில் மெல்லிய பின்னல். ஆன்ட்டி, அவர் தம்பி, ஸ்டீபன் எல்லோரும் இதைப் போட்டுத்தான் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார்கள். நாளைக்குக் குழந்தையும். நான் கையுறை போட்டுக்கொண்டதைப் பார்த்து ஸ்டீபன் சிரிப்பை அடக்கினான்.

மை துளிகூட இல்லை. பெயர் இருந்திருக்கக்கூடிய மூலை எந்தத் தையலுக்குள் போயிற்றோ. ஏமாற்றத்தோடு துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். அப்போது தெரிந்தது. மார்புப் பக்கம் குறுக்காக, ஊசி முனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள். ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில்.

"பூச்சி அரிச்சதுன்னு நெனச்சேன்" என்றார் ஆன்ட்டி.

"பூச்சி நேர்கோட்டுல அரிக்காது ஆன்ட்டி. வட்டம் போடும்போது காம்பஸ் முள் குத்தின துளை. ஒவ்வொரு துளையும் ஒரு வட்டத்தோட நடு."

பல துளைகள் சலவையில் மூடிப் போயிருந்தன. ஆனால் இருந்தவை போதும். அவர் கிட்டே வந்து எண்ணினார். பிறகு விரலைத் துணியில் படாமல் காற்றிலேயே வைத்து, புள்ளிகளைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார்.

"ஜன்னலு" என்றார். ஷீபா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துளைகளைப் படம் எடுத்து இயக்குநருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசினேன். அவர் நியாயமானவர், அதுதான் தொல்லை. "ஒரு படம் இருந்தது என்பதைத் துளைகள் காட்டும். யார் வரைந்தார் என்று காட்டாது. துணியைக் கொண்டு வா. ஆய்வகத்தில் மையின் தடம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தண்ணீர், எண்ணெய் எதுவும் இனிமேல் படக் கூடாது. நீ எடுத்து வருவதாக இருந்தால் அச்சை நிறுத்தி வைக்கிறேன். இல்லாவிட்டால் பொறியாளர் பெயர் மட்டும்தான்."

நாளைக்கு ஞானஸ்நானத்தில் அந்தத் துணியின் மேல் படப்போவது தண்ணீரும் பூசும் எண்ணெயும்தான். சொன்னேன். ஸ்டீபன் கூரையைப் பார்த்தான். ஷீபா குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். ஆன்ட்டி கவுனை மடித்துத் துண்டில் சுற்றி, ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கினு போ. கொழந்தைக்கு கடைல வேற வாங்கிக்கலாம். எங்கப்பாவுக்கு பேரு எந்தக் கடைல விக்குது?"

அன்று சாயங்காலம் பையை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரக் கடையில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி, புளிப்பு மட்டும் இந்த ஊர்த் தாய்வழி. தட்டை வாங்கும்போது எண்ணெய் சிந்தப் பார்த்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்ததில் பெஞ்சே ஆடியது.

"உள்ள இன்னா சார், தங்கமா?" என்றார் கடைக்காரர்.

"துணிங்க."

"துணிதானே, கலீஜானா தோய்ச்சிக்கலாம். குந்து சார்."

உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சோடாவில் கொதித்து, ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் துவைத்த துணியில் எந்த விளக்கைப் பிடித்தாலும் பெயர் வராது. நம்பிக்கை நூற்றில் ஒன்றுகூட இல்லை. சில மாதம் கழித்து, தடம் இல்லை என்று அறிக்கை வரும். துணி இருட்டான ஒரு பெட்டியில் போய்ப் படுக்கும். அதற்குள் கண்காட்சியும் முடிந்திருக்கும். என் வேலையே பொருட்களைக் காப்பாற்றுவது. இதை நான் காப்பாற்றினால் இந்த வீட்டில் இனி எந்தக் குழந்தையும் இதைப் போடாது. அந்த எண்ணம் எனக்குச் சகிக்கவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு முன்பே பையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குக் கடையில் வாங்கிய சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வழவழவென்று மின்னியது. குழந்தை அழுதுகொண்டிருந்தான். பையை ஷீபாவிடம் நீட்டினேன். அவள் ஒரு நொடி தயங்கிவிட்டு, வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆன்ட்டிக்குத்தான் கோபம். "இன்னாத்துக்கு திருப்பிக் குடுக்கறே? பேரு வோணாமா?"

"வேணும் ஆன்ட்டி. ஆனா அந்தத் துணி பேரைச் சொல்லாது. அதுல ஒண்ணும் மிச்சமில்ல, எனக்கு நல்லாத் தெரியும். சொல்றதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

காலையில் இயக்குநருக்கு எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பொறியாளர் வரைந்ததையும் யாரும் பார்க்கவில்லை, கையெழுத்தை மட்டுமே வைத்து நாமாக முடிவு செய்தோம் என்று எழுதினேன். குப்பத்து வீடுகளைப் பற்றி எழுதினேன். மகளின் சொல்லை ஏன் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டேன். பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

ஆன்ட்டி எனக்கு முன்னால் விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார்.

கோயிலில் மின்விசிறிகள் கடகடத்தன. கடல் காற்று பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தது. குழந்தை கவுனுக்குள் அமைதியாகக் கிடந்தான். ஆன்ட்டி மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்றார். வீட்டில் அவனை அப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சாமியார் புத்தகத்தைத் திறந்து, "இக்குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஸ்டீபன் ஷீபாவைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"அருளப்பன்."

ஆன்ட்டியின் கையிலிருந்த மெழுகு விரலில் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சாமியார் அந்தப் பெயரைத் திரும்பச் சொன்னார். ஞானஸ்நானத் தொட்டியண்டை போனதும் மறுபடி அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். குழந்தையின் தலையிலிருந்து வழிந்து, கழுத்துப் பின்னலைத் தாண்டி, மார்பில் அந்தத் துளைகள் இருந்த இடமெல்லாம் நனைந்தது. இத்தனை வருடம் தண்ணீரை எதிரியாகவே நினைத்துப் பிழைத்தவன் நான். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

வெளியே படியில் எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இயக்குநரின் பதில் வந்தது. "சாட்சி சொல்பவர் தன் பெயரையும் போடச் சம்மதித்தால், அவர் சொன்னபடி என்று போடு. இன்று மாலைக்குள் அனுப்பு."

ஆன்ட்டியிடம் படித்துக் காட்டினேன். விரலில் காய்ந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என் பேரு எதுக்கு நைனா அதுல? என்னாலதானே அவரு பேரு போச்சு."

"நீங்க சொன்னாத்தான் அது திரும்பி வரும் ஆன்ட்டி."

ஆன்ட்டி மெழுகைச் சுரண்டி முடித்தார். பிறகு படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, ஆபீஸ் குரலில் ஆரம்பித்தார்.

"எழுதிக்கோ. இனிஷியல வுட்டுடாதே. சூனா. எங்க தாத்தா பேரு சூசை. இனிஷியல் இல்லாம எங்கப்பா ஒரு எடத்துலயும் பேரு போட மாட்டாரு."

கைபேசியில் தட்டினேன்.

"படி."

"வரைந்தவர்: சூ. அருளப்பன், ராயபுரம். அவர் மகள் ரெஜினா சொன்னபடி."

ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு வாட்டி படி" என்றார்.

படித்தேன்.